ஒன்பது நிமிட ஆஸ்பத்திரி

…பெல்ட் வாங்க வந்திருக்கிற முப்பத்திரண்டு பேரும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க. சர்டிபிகேட்டைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி உங்க காதுல ஒரு குட்டிக் கதையைப் போட்டுடறேன். பயப்படாதீங்க… பவர்பாயிண்ட் கிடையாது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். அங்க பரமகுருன்னு ஒரு நிர்வாக அதிகாரி. அவரும் பிளாக் பெல்ட்டுக்குத்தான் படிச்சாரு. வேலையில எங்க தாமதம், எங்க தப்புன்னு அளந்து பார்த்துச் சரி பண்ற படிப்பு. பின்னாடி உக்காந்திருக்கிற வீட்டுக்காரங்களுக்காகச் சொல்றேன்… இது கராத்தே இல்லம்மா!

எழுத்துப் பரீட்சை பாஸானா மட்டும் பெல்ட் வந்துடுமா? வராது. ஒரு குறையை எடுத்து, மூணு மாசத்துல குறைச்சுக் காட்டணும். பரமகுருவுக்கு ஏற்கெனவே ரெண்டு பிராஜெக்ட் ஊத்திக்கிச்சு. இது மூணாவது. இதுவும் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும். இதுல மாமனார் வேற, போன் பண்ணும்போதெல்லாம், "மாப்ளே, பெல்ட்டு வந்துட்டா?"

அவர் எடுத்த குறை என்ன? நோயாளிங்க காத்திருக்கிற நேரம். டோக்கன் வாங்கினதுல இருந்து டாக்டர் ரூமுக்குள்ள போற வரைக்கும் அளந்தாரு. ரெண்டு மணி பத்து நிமிஷம்! ஏன் இவ்வளவு நேரம்? மீன் முள்ளு மாதிரி ஒரு படம் போட்டுக் காரணம் எழுதுவீங்களே… அதைப் போட்டாரு. நாப்பத்தேழு காரணம்! பிரிண்டர்ல மை இல்ல, பெஞ்சு கோணல், வழிகாட்டிப் பலகை சின்னது… எல்லாம் எழுதினாரு. எட்டு மணிக்கு வரவேண்டிய டாக்டர் பத்து மணிக்கு வர்றாருங்கறதை மட்டும் எழுதல. எழுதினா அந்த முள்ளு யார் தொண்டையில சிக்கும்? பரமகுரு தொண்டையில!

யோசிச்சாரு… யோசிச்சாரு… பளிச்சுனு ஒரு வழி கிடைச்சுது. டோக்கன் கவுன்ட்டர்ல இருக்கிற ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாரு.

"ஸ்டெல்லா, இனிமே டாக்டர் வந்தப்புறம்தான் டோக்கன். அதுவும் மூணு மூணு பேருக்குத்தான்."

"அதுவரைக்கும் சனங்க எங்க சார் இருப்பாங்க?"

"கேட்டுக்கு வெளியில."

"வெளியில நின்னாலும் அது காத்திருக்கறதுதானே சார்?"

"இல்லம்மா! டோக்கன் வாங்கினாத்தான் காத்திருக்கறது. அதுக்கு முன்னாடி… அவங்க சும்மா நிக்கறாங்க!"

எப்படி இருக்கு? சும்மா நிக்கறாங்களாம்!

மூணு மாசம். ரெண்டு மணி பத்து நிமிஷம் ஒன்பது நிமிஷமாச்சு. ஒரு டாக்டர் கூட சீக்கிரம் வரல, ஒரு நாற்காலி கூட நகரல… ஒன்பது நிமிஷம்! சேர்மன் கைதட்டினாரு. சென்னையில இருந்து ஹேமலதான்னு ஒரு மேடம் பிராஜெக்டை ஆய்வு பண்ண வந்தாங்க. கிராஃபைப் பார்த்தாங்க, அசந்துட்டாங்க. பேனா மூடியைக் கழட்டறாங்க… வாசல் கேட்டுகிட்ட ஒரே சத்தம்.

பேச்சியம்மான்னு ஒரு அம்மா. அறுபது வயசு, பீடி சுத்தறவங்க, சர்க்கரை வியாதி. ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வான்னு சொல்லியிருக்காங்க. அஞ்சரை மணிக்கு வந்தவங்க பத்தரை மணிக்கு மயங்கி விழுந்துட்டாங்க. ஸ்ட்ரெச்சரோட ஓடி வந்த ஆளு கேக்கறான், "டோக்கன் நம்பர் என்ன?"

மேடம் பரமகுருவைப் பார்த்து, "இவங்க எவ்வளவு நேரமா வெயிட் பண்றாங்க?"ன்னு கேட்டாங்க. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தாரு…

"மேடம், சிஸ்டத்துல… இவங்க இன்னும் வரவே இல்ல."

உள்ள தூக்கிட்டுப் போய் குளுக்கோஸ் ஏத்தினாங்க. கண்ணைத் திறந்ததும் மேடமே பக்கத்துல போய், "ஏம்மா, இவ்வளவு நேரம் வெயில்ல நின்னீங்களே, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"ன்னாங்க.

பேச்சியம்மா சொன்னாங்க: "என்ன தாயி செய்ய… அந்த சாருக்கு ஏதோ பரிச்சையாம். நாங்க உள்ள வந்து உக்காந்தா அவரு பெயிலாயிருவாராம்லா… வாட்ச்மேன் சொன்னாரு. சரி, புள்ள பாஸாகட்டும்னு எல்லாரும் வெளியவே நின்னுக்கிட்டோம்."

…கேட்டீங்களா? புள்ள பாஸாகட்டும்னு நின்னாங்களாம்!

மேடம் ஃபார்மைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாங்க. ஒன்பது நிமிஷத்தை எழுதறதுக்குக் கட்டம் இருக்கு. பேச்சியம்மாவை எழுதறதுக்குக் கட்டம் இல்ல. பெருமூச்சு விட்டாங்க… கையெழுத்தைப் போட்டுட்டாங்க. பரமகுரு பிளாக் பெல்ட்!

பேச்சியம்மா மெதுவா அவர் கையைப் பிடிச்சாங்க.

"எய்யா, பாஸாயிட்டியளா? நல்லாருங்க… அப்போ நாளையிலருந்து நாங்க உள்ள வரலாமாய்யா?"

கைதட்டாதீங்க. தயவுசெஞ்சு தட்டாதீங்க. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. பரமகுரு திருடரா? இல்ல. ஒரு நம்பரையாவது பொய்யா எழுதினாரா? இல்லவே இல்ல! அத்தனையும் சரியான நம்பர். எங்க இருந்து அளக்கணும்கறதை மட்டும் தன் வசதிக்கு வச்சுக்கிட்டாரு. அது ஒண்ணு போதும், ஊரையே வெயில்ல நிக்க வைக்கலாம்.

அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சிகளா… உங்க கையிலயும் இன்னைக்கு அளவுகோல் வருது. ஒருத்தரோட கஷ்டம் உங்க கம்ப்யூட்டர்ல அவங்க பேரு ஏறும்போதா ஆரம்பிக்குது? வீட்டுல இருந்து செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பும்போதே ஆரம்பிச்சுடுது. நாளைக்குக் காலையில டிபன் சாப்பிடாம, உங்க ஆபீஸ் கேட்டுக்கு வெளியில போய், நிக்கிற சனங்களோட ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. கால் வலிக்கும், தலை சுத்தும். சுத்தட்டும். அந்த இடத்துல இருந்து அளக்க ஆரம்பிங்க.