பாங்கு சொல்லப்படாத காது

2025 பெப்ரவரி 11. செவ்வாய்க்கிழமை. சுபஹுக்கு எழும்பினேன். தொழுதேன். முற்றத்து மணலைக் கூட்டினேன். தேங்காய் துருவினேன். மூத்த மகள் ஹமீதாவின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னினேன். அவளுக்கு முப்பத்துநான்கு வயது. பின்னி முடிக்கும்வரை அசையமாட்டாள். பிறகு உடுப்புக் கொடியைப் பார்த்தேன். இளைய மகளின் மாப்பிள்ளையுடைய சட்டைகளில் இரண்டு குறைந்திருந்தன.

எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடு பெண்ணுடையது. உடுப்புத்தான் அவருடையது. ஒரு கலியாணம் கலைவதென்றால் முதலில் உடுப்புப் போகும். ஒவ்வொன்றாகப் போகும். யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியில் ஆளும் போயிருப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கொடியைப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் ரிஸ்வானின் தாய் வந்திருந்தார். இளைய மகள் நஸ்லாவுக்கு எட்டு மாதம். முதல் பிள்ளை. அவளைப் பார்க்க வந்தவர் ஹமீதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹமீதா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"மச்சி, உங்கட குடும்பத்தில முன்ன ஆருக்கும் இப்பிடி இரிந்ததா?"

"எப்பிடி?"

"இந்தப் புள்ளயப் போல. பிறந்த உடன காதில பாங்கு சொல்லாத புள்ள எண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க. எனக்கு அது பயமில்ல கா. ரத்தத்தில இரிந்தாத்தான் பயம்."

நஸ்லா அடுத்த அறையில் இருந்தாள். கேட்டிருப்பாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக். ரிஸ்வான் எங்களை ஆட்டோவில் ஏற்றி வந்தார். வாசலில் நின்றுகொண்டார். போனில் யாருடனோ தாழ்ந்த குரலில் கதைத்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். அதையும் கவனித்தேன்.

உள்ளே மிட்வைஃப் கேட்டாள். "குடும்பத்தில மூளை வளர்ச்சி குறைஞ்ச புள்ளைகள் இரிக்கா?"

"ஆர் சொன்ன உங்களுக்கு?"

"ஒருத்தரும் சொல்லல்ல மாமி. எல்லாருக்கிட்டயும் கேக்கிறதான்."

நான் நம்பவில்லை. டொக்டர் இளம் பெண். நஸ்லாவின் பிரஷரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். மூத்த பிள்ளை எப்படிப் பிறந்தாள் என்று கேட்டார். இத்தனை வருடங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பாங்கு சொன்னார்களா என்று கேட்டிருக்கிறார்கள். எப்படிப் பிறந்தாள் என்று கேட்டதில்லை.

சொன்னேன். அங்கே சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு. ஜூன் மாதம். வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு முன். நான் சோறு வடிக்கிறேன். பத்தொன்பது வயது. நிறைமாதம். என் கணவர் சவூதியில். வடக்கிலிருந்து ஒரு ஊளை. நீண்ட ஊளை. பிறகு ஷெல் அடி. கூரை ஓடுகள் சரிகின்றன. உம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறார். தம்பி ஆரிப் முன்னால் ஓடுகிறான். சோறு அடுப்பில்.

எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முழுக்கச் சனம். யாரோ கத்துகிறார்கள். "ரோட்டால வராதீங்க! கடக்கரையால போங்க!"

கடற்கரை மணலில் கால் புதைகிறது. உம்மா பின்னால் வருகிறார். அவருடைய கை என் இடுப்பில். தள்ளிக்கொண்டே வருகிறார். மறுபடியும் ஊளை.

"படுங்க! படுங்க!"

எல்லாரும் குப்புறப் படுத்தார்கள். என்னால் முடியாது. பக்கவாட்டில் படுத்தேன். வயிற்றைக் கையால் மூடினேன். மணல் வாய்க்குள் வந்தது. எழும்பியபோது இடுப்பில் உம்மாவின் கை இல்லை. திரும்பிப் பார்க்க விடவில்லை. இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆரிப் உம்மாவிடம் திரும்பி ஓடினான். நான் கண்ட கடைசிக் காட்சி அவனுடைய முதுகு. நீலச் சட்டை.

அடித்தது யார் என்று பிறகு கேட்டேன். பலரிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்தைச் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அந்த மணலில் படுத்திருந்தவர்கள் இல்லை. ஆகவே நான் பெயர் எழுதவில்லை.

ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறை. பிள்ளைகள் இருக்கும் வாங்குகளைச் சுவரோடு அடுக்கிவிட்டுச் சனம் படுத்திருந்தது. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளை நோவு தொடங்கியது. சாப்பாடு இல்லை. வெறுந்தேத்தண்ணி. ஞாயிறு முழுக்க நோவு. மருத்துவிச்சி இல்லை. ஐந்து பெற்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள். அதுதான் அவளுடைய படிப்பு. திங்கட்கிழமை காலை பிள்ளை வந்தது. அழவில்லை. நீலமாக இருந்தது.

தேய்த்தார்கள். வாயில் ஊதினார்கள். காலைப் பிடித்துத் தூக்கினார்கள். நெடுநேரம். ஒருத்தி, சாகப்போகிறவர்களுக்குச் சொல்வதுபோல, கலிமா சொல்லத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் ஒரு சத்தம். பூனைக்குட்டியின் சத்தம் போல மெல்லியது.

வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "புள்ளையத் தாங்க. காதில பாங்கு சொல்லணும்."

அவர் கையை நீட்டுகிறார். ஊளை. கூரையிலிருந்து தூசி கொட்டுகிறது. "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய!"

என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெரியவரை நான் மறுபடி காணவில்லை. பாங்கு சொல்லப்படவில்லை.

எங்களில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அசையமாட்டாள். மிளகும் உள்ளியும் போட்டுக் கறி வரும். பிள்ளையைச் சுற்றி எந்த நேரமும் ஆள் இருக்கும். கதை இருக்கும். தாயின் தாய் பாய்க்குப் பக்கத்திலேயே கிடப்பார். என் நாற்பது நாள் மூன்று இடங்களில் போனது. பால் வற்றியது. நான் கதைக்கவில்லை. யாருடனும் கதைக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் உம்மாவின் முகம் தெரிந்தது. மற்றப் பெண்கள் அதற்குச் சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளையும் சத்தம் போடவில்லை. நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்றார்கள்.

நான்கு வயதுவரை அவள் பேசவில்லை. ஒழுங்கைச் சனம் காரணம் கண்டுபிடித்தது. பாங்கு. ஒருவர் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னார்கள். நான்கு வயதில் ஆட்களைக் கூட்டி அவள் காதில் பாங்கு சொல்வித்தோம். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்தாள். எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். பிறகு தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். இசிம் எழுதித் தாயத்தாகக் கட்டினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. காரணம்தான் தெரியுமே. எட்டு வயதில்தான் கொண்டுபோனேன். இன்னும் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள்.

கிளினிக்கில் டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார். "ஒண்டை மட்டும் காரணமெண்டு சொல்ல ஏலாது மாமி. பட்டினி. பயம். நீண்ட நோவு. புள்ள அழாம இரிந்த நேரத்தில மூளைக்குக் காத்துப் போகல்ல. அதுதான் பெரிசு. மறுகா முதல் மாதங்களில புள்ளையோட ஆரும் கதைக்கல்ல. கதைச்சாத்தான் மூளை வளரும்."

எனக்குச் சந்தேகம் வந்தது. முன்னர் பாங்கு. இப்போது என் வாய். எப்படிச் சுற்றினாலும் தாயிடம்தான் வந்து நிற்கிறது.

"அப்ப என்னாலதான் எண்டு சொல்றீங்க."

"இல்ல. ஷெல்லால எண்டு சொல்றன். நீங்க கதைக்காம இரிந்ததும் அதாலதான். அது காயம். குற்றமில்ல. ரத்தத்தில வந்ததெண்டு சொல்ல இதில ஒண்டும் இல்ல. தங்கச்சி நல்லா இரிக்கா. அவட புள்ளையும் நல்லா வளருது." நஸ்லாவைப் பார்த்தார். "ஆனா இவட பிரஷர் கூடியிருக்கு. நித்திரை கொள்றல்லயாம். ஏன் தங்கச்சி?"

நஸ்லா தரையைப் பார்த்துச் சொன்னாள். "உம்மா கொடியப் பாக்குறா. மாமி என்ட வயித்தப் பாக்குறா. நான் எங்க டொக்டர் பாக்குற?"

டொக்டர் சிரிக்கவில்லை. "இவக்கு ஷெல் அடிக்கல்ல மாமி. வீட்டுக்குள்ள பயம் இரிக்கி. இந்தப் பயத்த நிப்பாட்ட உங்களால ஏலும்" என்றார்.

பின்னேரம் ரிஸ்வான் கடையிலிருந்து வந்தார். தேத்தண்ணி வைத்தேன். நேரே கேட்டேன்.

"மருமகன், சட்டை எங்க போகுது?"

கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மாட வீட்டுக்கு."

"ஏன்?"

"கொஞ்ச நாளைக்கு வந்து இரி எண்டு உம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறா. வாயை அடைக்க ரெண்டு சட்டையக் குடுத்தன். சட்டைதான் போயிரிக்கி மாமி. நான் இஞ்சதான் இரிக்கன்."

"நாளைக்கு?"

அவரும் கொடியைப் பார்த்தார்.

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையையும் திங்கட்கிழமையையும் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் கேட்டார். "இத ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"கேட்டவங்க எல்லாருக்கும் பாங்குதான் வேணும்."

"உம்மாவுக்கு நான் சொன்னா எடுபடாது. பொஞ்சாதிட கதையக் கேட்டு ஆடுறான் எண்டுவா." ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார். "நீங்க சொன்னா வேற."

நஸ்லா கதவோரம் நின்றாள். ஹமீதா அவளுடைய வயிற்றில் கை வைத்திருந்தாள். உள்ளிருந்து பிள்ளை உதைத்திருக்க வேண்டும். ஹமீதா கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். "தம்பி" என்றாள். ஆண் பிள்ளை என்று அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வயிற்றோடு கதைத்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் உள்ள சொற்கள் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகம் இல்லை. மீன். கடல். வா. சோறு. தம்பி.

அன்றிரவு இதை எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இழந்தவை இவை.

என் உம்மா. கடற்கரையில். மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது. நான் பார்க்கவில்லை.

என் தம்பி ஆரிப். பதின்மூன்று வயது. மையித்து கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கூரை.

என் பால்.

என் நாற்பது நாள்.

ஹமீதாவின் முதல் மூச்சுக்கு முந்திய அந்த நேரம். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அங்கே யாரிடமும் மணிக்கூடு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பார்த்திருக்கமாட்டார்கள்.

காரணம் தெரியும் என்று நாங்கள் நம்பியிருந்த நான்கு வருடங்கள். அவள் பேசாத நான்குக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன எட்டுக்கும் இடைப்பட்டவை.

அவள் சொல்லியிருக்கக்கூடிய சொற்கள். அவற்றை எண்ண வழியில்லை.

பெப்ரவரி 12. புதன்கிழமை. சுபஹு தொழுதேன். கூட்டவில்லை. தேங்காய் துருவவில்லை. ஹமீதாவுக்கு நல்ல உடுப்பை உடுத்தினேன். சம்பந்தி வீட்டுக்கு அவளை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. ஆட்டோ பிடித்தேன். மருதமுனைக்குப் போனோம். கேற்றைத் தட்டினேன். ரிஸ்வானின் தாய் பாதித் தூக்கத்தில் வந்து திறந்தார். என்னைப் பார்த்தார். ஹமீதாவைப் பார்த்தார்.

"மச்சி, இவ பிறந்ததைச் சொல்ல வந்திரிக்கன்" என்றேன். "முழுக்கக் கேளுங்க. இடையில ஒண்டும் கேக்காதீங்க."

அவர் வழிவிட்டார். ஹமீதா எனக்கு முன்னால் உள்ளே போனாள்.