சைக்கஸுக்கு ஈரம் ஆகாது

கிட்ட வந்து இரு, றெஜினா. இந்தக் கன்றை நீ கீழ்வீட்டுக்குக் கொண்டுபோக முன்னம் ஒரு கதை சொல்லித்தான் தருவேன். கதை தெரியாமல் வளர்த்தால் கெடுத்துவிடுவாய்.

முதலில் ஒன்றை மனதில் வை. சைக்கஸ் என்கிற இந்த ஓலை மரம் வெறும் குளிரால் லேசில் சாகாது. பாரிஸ் பனியை அது தாங்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால்தான் சாகும். ஆகவே ஒக்டோபரோடு தண்ணீரை நிறுத்திவிடு. சாடியைச் செங்கல்மேல் தூக்கி வை. ஓலைகளைக் கூட்டி மேல்நோக்கிக் கட்டு. குருத்துக்குள் வைக்கோல் அடைத்து, மெல்லிய வெள்ளைத் துணியால் சுற்று. மேலே ஒரு பழைய குடையை விரித்து வை. பனி முடியும் வரை நித்திரை கொள்ளட்டும்.

இதன் தாய்மரத்தைக் கொண்டுவந்தவர் என் மனிசன் கிரிகோரி. ஒபர்வில்லியேயில் அவர் வேலை செய்த மொத்தக்கடை வாசலில் கவனிப்பாரில்லாமல் நின்றதாம். கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வழியில் ஏறிய நம்மூர்ப் பொடியன் ஒருவன் மரத்தைக் காட்டி, "அண்ணை, அக்காவுக்கும் திக்கெற் அடிச்சனீங்களோ?" என்று கேட்டிருக்கிறான். "இவ சின்னப்பிள்ளையடா, இவவுக்குச் சும்மா" என்றாராம் இவர். அதை எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பார்.

குருத்தோலை ஞாயிறுக்கென்றுதான் கொண்டுவந்தார். இங்கே கோயிலில் கையில் தருவது சின்ன இலைக் கொப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நமக்குப் பவனி மாதிரி இராது. என் ஓலையை வெட்டிக் கொண்டுபோன வருடம் சனம் கண்கலங்கியது. அதன்பிறகு சுவாமியார் கையில் பிடிப்பது என் ஓலைதான். "மலரக்கா, எனக்கும் ஒண்டு" என்று கேட்டு ஆர்ஜொந்தெயிலிருந்தும் ஆள் வரும். மற்ற நாட்களில் நான் அலுவலகங்களில் நிலம் துடைக்கிறவள். அந்த ஒரு நாளில்தான் எனக்குப் பெயர் இருந்தது.

பிறகு அவருக்கு நினைவு தடுமாறியது. பின்னேரமானால் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. விட்டதை மறந்து திரும்பவும் விடுவார். குடையை மடக்கி, துணியை அவிழ்த்து, குருத்துக்குள்ளேயே ஊற்றுவார்.

"விடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லே?"

"பாவம் மலர், நா வறண்டு நிக்குது."

வாளியை ஒளித்தேன். கேத்திலை எடுத்தார். கேத்திலை ஒளித்தேன். கஞ்சிக் கோப்பையால் ஊற்றினார். உன்னோடு இருக்கிற உன் மாமாவும் இப்போது அப்படித்தான், இல்லையா? படிக்கட்டில் இருக்கிற பூச்சாடிகள் எந்நேரமும் ஈரம்.

முந்தின வருடம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டு நின்றேன். வெளியே பனித்தூறல். அவர் சாரமும் சுவெட்டருமாகப் பல்கனியில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். தன்னையும் நனைத்திருந்தார். நான் போய் நடு ஓலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கையோடு வந்தது. அடி கறுத்து, சேறாக மணந்தது. அப்படிக் கழன்றால் குருத்து அழுகிவிட்டதென்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன், கீழே உனக்கும் கேட்டிருக்கும். உள்ளே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைபிடி இல்லை. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு வாய் அசைந்தது. இரட்டைக் கண்ணாடி, குரல் வராது. ஈரத்தோடு குளிரில் நிற்பது எப்படியென்று அவருக்கும் ஒருக்கால் தெரியட்டும் என்று நினைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

கோயிலில் ஒவ்வொரு நிலையிலும் முழங்காலில் நின்று செபித்தேன். முடிந்தபின் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். கோயிலுக்கு வந்த ஒருத்தி காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். நடக்கிறேன் என்றேன். லா சப்பலில் தமிழ்க் கடை கடையாக ஏறி நல்ல மரவள்ளிக்கிழங்கு தேடினேன். அவருக்கு மரவள்ளி விருப்பம்.

வந்து கிழங்கை அவியப் போட்டுவிட்டுத்தான் திரைச்சீலையை விலக்கினேன். சாடியைக் கட்டிப்பிடித்தபடி விறைத்துப்போய் இருந்தார். சுவெட்டரைக் கழற்றி மரத்துக்குச் சுற்றியிருந்தார். நான் செய்வதைப் பார்த்திருக்கிறார் போலும். ஓலைகளை ஒழுங்காக மேலே கூட்டி, சுவெட்டரின் இரண்டு கைகளையும் முன்னால் முடிச்சுப் போட்டிருந்தார். நல்ல இறுக்கமான முடிச்சு. அவிழ்க்க எனக்கு நேரமெடுத்தது.

பொலிஸ் கேட்டபோது, நான் கோயிலில் இருந்தேன், அவர் தானாகத்தான் பல்கனிக்குப் போனார் என்றேன். இரண்டும் உண்மை. நினைவு தடுமாறிய மனிசன் என்று எல்லோரும் அழுதார்கள். நீதான் எனக்குச் சோறு சமைத்துக்கொண்டு வந்தாய். அதை நான் மறக்கவில்லை.

ஒரு மனக்குறை மட்டும் உண்டு. அந்தக் கோடையில் மரத்தின் அடியில் முளை வந்தது. குருத்து அழுகினாலும் அடி உயிரோடு கிடக்குமாம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன். இவ்வளவு காலம் வளர்த்தும் மரத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லையே என்று இன்றைக்கும் கவலைப்படுகிறேன்.

ஏன் எழும்புகிறாய், பிள்ளை? தேத்தண்ணியைக் குடி. இந்தா, அந்த முளைதான் இது. இரண்டு கையாலும் பிடி. ஆண்டவர் உன் வீட்டை ஆசீர்வதிக்கட்டும். உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், குழந்தைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும், உன் மாமா இந்தப் பனிக்காலம் முழுக்கக் கதவுக்கு உள்ளேயே இருக்கட்டும்.