சீர் வண்டிக்குப் புதுச் சக்கரம்

இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை சார். ராமநாதபுரத்தில் மிளகாய் மண்டி ராம்குமார் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். சற்றுமுன் டீ வாங்கிக் கொடுத்த உங்கள் ஏட்டய்யாகூட அதைத்தான் சொன்னார்.

அந்தப் பெரிய கறுப்பு வண்டியை ஆசைப்பட்டு வாங்கியவன் நான். ஓட்டியவன் என் மனைவி ஈஸ்வரியின் தம்பி பாண்டித்துரை. மாரியூரில் கருவேல மரக்கரி வியாபாரம். "மச்சான், ஒரு விசேஷம், சாவியைக் குடுங்க, சாயங்காலம் கொண்டாந்துர்றேன்" என்பான். எந்த வாரத்துச் சாயங்காலம் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது டீசல் இருக்காது, பின் சீட்டில் கிடா ஏற்றிய வாசனை இருக்கும். ஒருமுறை பின்கண்ணாடியில் அவன் பெயரையே பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு வந்தான். "சும்மா ஒரு கெத்துக்கு மச்சான்" என்றான். நானும் சிரித்தேன்.

சாயல்குடியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். அன்றைக்கென்று அவனுக்குக் கை வலி, நான் ஓட்டினேன். இறங்கியதும் அவனுக்குப் பன்னீர், சந்தனம், மரியாதை எல்லாம் நடந்தது. நான் இலையில் உட்காரப் போனேன். பந்தி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தோளைத் தொட்டு, "டிரைவருங்களுக்கெல்லாம் அடுத்த பந்திண்ணே" என்றார். பாண்டித்துரை வாயில் சோற்றோடு சிரித்தான். இவர் எங்க மச்சான் என்று சொல்ல அந்த ஒரு வாய்ச் சோற்றை விழுங்கினால் போதும். அவன் விழுங்கிவிட்டு அடுத்த வாய் எடுத்தான். நான் அடுத்த பந்தியில் சாப்பிட்டேன். ரசம் நன்றாகவே இருந்தது. கோபமெல்லாம் இல்லை சார்.

அப்புறம் என் மகள் பூமயிலுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன்தான் சீர் கொண்டுவர வேண்டும். அதாவது, என் வண்டியில் தட்டுத் தட்டாக ஏற்றிக்கொண்டு என் விசேஷத்துக்கே அவன் வந்து இறங்குவான், நான் கைகூப்பி வரவேற்க வேண்டும். மண்டப வாசலில் பிளக்ஸ்கூட வைத்துவிட்டான். கறுப்புக் கண்ணாடி போட்டு, என் வண்டியில் சாய்ந்து நின்று, "சீரோடு வருகிறது சிங்கம்". என் படம் கீழே ஓரத்தில், ஸ்டாம்பு அளவுக்கு.

அதோடு விட்டானா? "வண்டி ஆனை மாதிரி இருக்கு, சக்கரத்தப் பாருங்க, ஆட்டுக்கால் கணக்கா. சீருக்கு முந்தி பெருசா மாத்திருங்க மச்சான்" என்றான். சரி என்றேன்.

எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. சக்கரக் கடை இர்பானிடம் பொழுதெல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எத்தனை போல்ட், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி, நடுத்துளை எவ்வளவு அகலம், சக்கரம் எவ்வளவு வெளியே பிதுங்கும், இந்த எடையைத் தாங்குமா என்று எல்லாம் பார்க்க வேண்டுமாம். ஈஸ்வரிக்கும் எனக்கும் ஜாதகம் பார்த்தபோதுகூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. எல்லாம் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புது நட்டு போட்டு மாட்டினான். பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தான்.

"அண்ணே, மறந்தும் இதை அதுல போட்றாதீங்க. புதுச் சக்கரத்துல துளையோட வாய் புனல் மாதிரி சரிவா இருக்கு, கூம்பு நட்டுதான் உக்காரும். இது தட்டை. முறுக்குனா இறுகுன மாதிரிதான் தெரியும், ஓட ஓடக் கழண்டுரும்" என்றான்.

நல்ல மனுஷன். அவன் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? அவன்மேல் கேஸ் எதுவும் போடாதீர்கள்.

ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் புது நட்டைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். முன்னால், ஓட்டுகிறவன் பக்கம். நான்குக்கும் மாற்றியிருக்கலாம், எனக்கு அந்த அளவுக்கு வெறி கிடையாது. வழியில் சக்கரம் ஆடும், சிங்கம் வெயிலில் ரோட்டோரம் நிற்கும், சீர்த்தட்டெல்லாம் ஷேர் ஆட்டோவில் வரும் என்று நினைத்தேன். அதற்கு மேலும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை.

பாண்டித்துரை வந்து சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பிறந்தவன்கூட இப்பிடிச் செய்ய மாட்டான் மச்சான்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னது சரிதான்.

காதுகுத்துக்கு முதல் நாள் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மாரியூர் போகிறவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஈஸ்வரியும் அன்றே குழந்தையோடு அங்கே போயிருந்தாள், கோயிலில் முடி இறக்க. பஸ்ஸில் போனாள், காலையில் பஸ்ஸிலேயே திரும்புவதாகத்தான் பேச்சு.

மறுநாள் சீரோடு வரும் வழியில், வாலிநோக்கம் விலக்கு ரோட்டுப் பக்கம் சக்கரம் கழன்று, தனியாக ஓடிக் கருவேலங்காட்டுக்குள் விழுந்தது. எதிரே உப்பு லாரி. லாரியில் மோதியிருந்தால் இடிபட்டிருப்பது இடப்பக்கம், ஈஸ்வரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பக்கம். அவன் ஸ்டியரிங்கை ஒடித்து, தன் பக்கத்தைப் பனைமரத்துக்குக் கொடுத்தான். அங்கேயே முடிந்துவிட்டான். ஈஸ்வரிக்குக் கையில் கட்டு. பூமயிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டிதான் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது. அடுத்தவன் வண்டி என்ற அக்கறை அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

பூமயிலுக்கு இன்னும் காது குத்தவில்லை. அவளுக்கு வேறு தாய்மாமன் இல்லை.

ஈஸ்வரி எப்படி அந்த வண்டியில் வந்தாள் என்று கேட்டீர்கள். கிளம்பும்போது எனக்குப் போன் செய்தாள். "பஸ்ஸு ஒரே கூட்டமா இருக்குங்க. நாங்களும் தம்பி வண்டியிலயே ஏறிட்டோம், வாரோம்" என்றாள். தம்பி வண்டி என்றாள், கவனியுங்கள். பக்கத்தில் பூமயில் ஹாரனை அடித்து அடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேண்டாம், இறங்கு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். என்னைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள்.

அதற்காக நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடவில்லை சார். "சரி, பாத்து வாங்க" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.