நுகத்துக்குக் கட்டுன பரிவட்டம்

சிரிங்க சம்பந்தி, நல்லாச் சிரிங்க. ஒரு பக்கம் ஆளொசரத்துக்கு வெள்ளை மாடு, மறுபக்கம் கன்னுக்குட்டிக்குத் தம்பி மாதிரி ஒரு கருப்பு மாடு, நுகம் சாஞ்சு கெடக்கு, முடிச்சும் நடுவுல இல்லாம ஒதுங்கிக் கெடக்கு. இந்த ஊருக்காரனுக்கு ஒரு சோடி மாடு பாத்துப் பூட்டத் தெரியலையேன்னு தோணத்தான் செய்யும். பொண்ணு குடுத்த எடத்துல வந்து சிரிக்க ஒங்களுக்குப் பாத்தியதை இருக்கு. பானகம் கரைச்சு வர இன்னும் நேரம் கெடக்கு. கதையைக் கேட்டுட்டு மிச்சத்தைச் சிரிங்க.

அந்தக் காலம்னா எந்தக் காலம்? இந்தத் தார்ரோடு வண்டித்தடமாக்கூட ஆகாத காலம். கோவில்பட்டிச் சந்தைக்கு நடந்து போயி நடந்து வந்த காலம். அப்ப நம்ம நெடுங்கரிசல் ஊருல வெயிலுமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். இருந்தாரா, இருந்தாரு. ஊருக்கே பெரியதனம் அவருதான். சித்திரை பொறந்தா அவரு வீட்டு ஏருதான் மொதல்ல மண்ணைக் கீறணும். அதுதான் பொன்னேரு. புரட்டாசியில மொத வெதை அவரு கை. தையில மொதக் கதிருக்கு அவரு அருவா. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து வார மொறை.

பொன்னேரு கீறாத மண்ணுல எவனும் கொழு வைக்கக்கூடாதுன்னு கட்டுமானம். இன்னொரு கட்டுமானமும் இருந்துச்சாம். பொன்னேருல பூட்டுற ரெண்டு மாடும் ஒரே தொழுவுல கட்டுன மாடா இருக்கணும், எரவல் மாடு ஆகவே ஆகாது. வெயிலுமுத்து நல்ல மனுசன்தான். என்ன, அந்த மொத மரியாதையில மனுசனுக்கு உசுரு. பொன்னேரு முடிஞ்சு பூசாரி மரியாதைக்குப் பரிவட்டத் துணி கட்டுன தலையோட வீட்டு நெலையில நொழையும்போது குனிய மாட்டாராம். வாசலை இடிச்சு ஒசத்திக் கட்டுனாராம்னு சொல்லுவாக. நெசமோ பொய்யோ, சொன்னவுகளைக் கேளுங்க.

அப்பிடி இருக்கையில மழை பொய்ச்சுச்சு. ஒரு வருசம் பொய்ச்சுச்சா, பொய்ச்சுச்சு. மறுவருசமும் பொய்ச்சுச்சு. மூணாவது வருசம் ஊருல கால்வாசி மாடு அடிமாட்டுக்குப் போச்சு, கால்வாசி தொழுவுலயே செத்துச்சு. வெயிலுமுத்து தன் சோடியை விடல. வெள்ளை ஒண்ணு, மயிலை ஒண்ணு. திங்க என்ன இருக்கு? வீட்டுக் கூரையில இருந்த வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாராம். கூரை வழியா வானத்தைப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்தாராம் அவரும் பொஞ்சாதியும்.

மூணு வருசம் ஏமாத்துன மழை பங்குனிக் கடைசியில கொட்டுச்சு பாருங்க, ஓடை ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. ஊரே தெருவுல நின்னு நனைஞ்சுச்சு. அந்த ஈரத்துல எள்ளு வெதைச்சுட்டா புரட்டாசி வெதைப்புக்கு வழி பொறந்துரும். தவறுனா ஊரைக் காலி பண்ணிக் கொழும்புக்குக் கப்பலேற வேண்டியதுதான். அம்புட்டுத்தான் நெலமை. கரிசல் மண்ணைப் பத்தி ஒங்களுக்குச் சொல்லவா வேணும்? இன்னைக்குக் கொழு எறங்கும், வெயில் ஏற ஏற பாளம் பாளமா வெடிச்சுரும்.

பொன்னேருக்கு மொத நாள் சாயங்காலம் வெயிலுமுத்துக்கு மாட்டு மேல ஒரு எரக்கம் வந்துச்சு. கூரையைத் தின்ன வாயி, ஒரு வாயி பச்சை திங்கட்டுமேன்னு வரப்போரம் மயிலையைக் கொண்டுபோயி முளையடிச்சுக் கட்டுனாரு. பக்கத்துப் புஞ்செயில கருகிப்போன சோளத் தூரு மழை கண்டு குருத்து விட்டு நிக்கி. அந்தக் குருத்து மாட்டுக்கு வெசம். அவருக்குத் தெரியாதா? தெரியும். அதுக்குத்தான முளையடிச்சாரு. ஆனா மூணு வருசமா காஞ்ச மண்ணுல அடிச்சுப் பழகுன கை. ஈர மண்ணுன்னு நெனைக்காம எப்பயும்போல ரெண்டு தட்டு தட்டிட்டு வந்துட்டாரு. மாடு ஒரு இழுப்பு இழுத்துச்சு, முளை கயித்தோட வந்துருச்சு. அவரு திரும்பிப் போயிப் பாக்கையில மயிலை சோளத் தூருக்குள்ள கால் வெறைச்சுக் கெடக்கு.

"நான் கும்பிட்ட மழையே என் மாட்டைக் கொண்டுபோச்சே"ன்னு மாட்டு மேல விழுந்து அழுதாராம் மனுசன்.

விடிஞ்சா பொன்னேரு. ஊரு பூராம் புஞ்செயில கூடி நிக்கி. பெரியதனம் வரல. சேதி தெரிஞ்சதும் கெழக்குத் தெருக்காரக சொன்னாக, "எங்ககிட்ட சோடி இருக்கு, இந்த வருசம் நாங்க கீறுறோம்". மேலத் தெருக்காரன் விடுவானா? "நீ கீறுனா நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிப்பமா?"ன்னு தார்க்கம்பைத் தூக்கிட்டான். நம்ம தெரு ஆளுகளும் அதுல உண்டு, நாம என்னைக்கு சண்டைக்குப் பிந்தியிருக்கோம்? ஒருத்தன் மண்டை ஒடஞ்சது. ஏரு எல்லாம் பூட்டுனபடி நிக்கி, ஒண்ணும் எறங்கல. மேகாத்து வேற சுழட்டிச் சுழட்டி அடிக்கி. ஈரம் போகுது, போகுதுன்னு எல்லாருக்கும் தெரியுது.

வெயிலுமுத்து தொழுவுல உக்காந்திருக்காரு. "நம்ம போகலைன்னா நாளைக்கு எவனோ கீறுவான். ஒரு தடவை விட்டுக் குடுத்தா மரியாதை திரும்பி வராது. விட்டுக் குடுக்கலைன்னா ஊரு சாகும்." இதையே நெனைச்சு நெனைச்சு அந்த மனுசனுக்கு எந்திரிக்க முடியல. ஊருக்காரக வந்து கூப்புட்டாக, போகல. பொஞ்சாதி கஞ்சி கொண்டுவந்தா, தொடல.

அப்பத்தான் சீனித்தாய் வந்தாளாம். யாரு சீனித்தாய்? ஓடைக்கரையில ஒரு துண்டுப் புஞ்செ வச்சுப் பொழைச்ச பொம்பள. புருசன் கொழும்புக்குப் போயி அங்கயே காய்ச்சல்ல செத்துட்டான். ரெண்டு பிள்ளைக. ஒரு சோடி மாட்டுல ஒண்ணு பஞ்சத்துல போச்சு, மிச்சம் காரின்னு ஒரு குட்டைக் கருப்பு மாடு. அவ தொழு வாசல்ல நின்னா.

"ஐயா, ஒங்க வெள்ளையைக் குடுங்க. என் காரியோட பூட்டி என் புஞ்செயை உழுதுட்டுக் கொண்டாந்து கட்டிருதேன்."

வெயிலுமுத்து தலையைத் தூக்குனாரு. ஊரே தன் மரியாதையைக் கேட்டு வந்து நிக்கையில இவ மாட்டைக் கேட்டு வந்து நிக்கா. "பொன்னேரு கீறாம நீ எப்பிடி உழுவே?"

"பொன்னேரு ஒங்க பாடு. எனக்கு எள்ளு வெதைக்கணும். எம் பிள்ளைகளுக்குப் பசி."

"ஊரு கட்டுமானம் தெரியாதா தாயி ஒனக்கு?"

"தெரியும்யா. போன வருசம் நுகத்துல ஒரு பக்கம் காரியைக் கட்டி, மறுபக்கம் நான் தோள் குடுத்து ஒரு மூலையைக் கீறுனேன். மனுசியும் மாடும் ஒரே தொழுவான்னு அப்ப யாரும் வந்து கேக்கலையே."

சொல்லிட்டு முந்தானையை ஒதுக்கித் தோளைக் காட்டுனா. மாட்டுக்கு இருக்குமே நுகத்தழும்பு, கருகருன்னு காய்ச்சுப்போயி, அது அவ தோள்ல இருந்துச்சாம். வெயிலுமுத்து ஆயிரம் மாட்டுக் கழுத்துல பாத்த தழும்புதான். பாத்தாரு, பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறகு பொசுக்குன்னு எந்திரிச்சுட்டாரு.

"காரி எந்தப் பக்கத்து மாடு?"

"எடத்து மாடுய்யா."

"வெள்ளை வலத்து மாடு. ஓட்டிட்டு வா. ஓடைக்கரைக்கு இல்ல, ஊருப் புஞ்செக்கு."

"என்னய்யா சொல்லுதீக? பொன்னேருக்கா?"

"பொன்னேருக்குத்தான். எம்மாடும் ஒம்மாடும்."

போனாகளா, போனாக. ஒசந்த வெள்ளையும் குட்டைக் காரியும் வர்றதைப் பாத்து ஊரு மொதல்ல சிரிச்சுச்சு. இப்ப நீங்க சிரிச்சீகல்ல, அந்தச் சிரிப்புத்தான். பெறகு சிரிப்பு அடங்கி ஒருத்தன் கேட்டான், "தாலியறுத்தவ பொன்னேரு பக்கத்துல நிக்கலாமா?"

வெயிலுமுத்து சொன்னாராம், "இந்த மண்ணு மட்டும் என்ன வாழ்ந்துச்சு? மூணு வருசமா பூவும் பொட்டும் இல்லாமத்தான கெடந்துச்சு. அதைத் தள்ளி வச்சிருவமா?"

கேட்டவன் கூட்டத்துக்குள்ள பின்வாங்கிட்டான். அவரோட தம்பி மட்டும் கையைப் பிடிச்சு, "அண்ணே, பாட்டன் பூட்டன் மரியாதையைப் பங்கு வைக்கயே, கொறைஞ்சு போகாதா?"ன்னான். "கொறைஞ்சா கொறையட்டும்டா. ஈரம் கொறையுதே, அது ஒனக்குத் தெரியலையா?"ன்னுட்டு நுகத்தைத் தூக்கி வச்சாரு.

வச்சா, நுகம் ஒரே சாய்ப்பு. ஏரையும் நுகத்தையும் சேக்குற ஏர்க்காலை நடுவுல கட்டிப் பாத்தாக. ரெண்டு எட்டு வைக்கவும் காரி முட்டி போட்டுருச்சு. கூட்டத்துல பொம்பளைக வாயில அடிச்சுக்கிட்டாக. பொன்னேருல மாடு முட்டி போட்டா வெளங்குமா? சீனித்தாய் அழுதுட்டா. "வேண்டாம்யா, நான் போயிருதேன், என்னால ஊருக்குக் கெடுதல் வேண்டாம்."

"நில்லு தாயி. மாடு மேல தப்பில்ல, கட்டுன என் மேல தப்பு."

கயித்தை அவுத்தாரு. ஏர்க்காலை நுகத்து நடுவுல இருந்து நகட்டி, வெள்ளை பக்கமா இழுத்துக் கட்டுனாரு. ஏர்க்கால் எந்த மாட்டுக்குக் கிட்டக்க இருக்கோ அந்த மாட்டுக்குத்தான் பாரம். அது எல்லா ஏரோட்டிக்கும் தெரியும். சொந்த மாட்டு மேல பாரத்தைத் தானா யாரும் ஏத்த மாட்டாக, அதான். "எம்மாடு கூரையைத் தின்ன மாடு, அது இழுக்கட்டும்"னாராம்.

மேழியை அவரு பிடிச்சாரு. வெள்ளை அவரு கொரலுக்கு நடந்துச்சு. காரி நடக்கணுமே, அது சீனித்தாய் கொரலுக்குத்தான் நடக்கும். அதனால அவ முன்னால நடந்தா. பின்னால இருந்து "ஹை வெள்ளை"ங்கிற கொரல், முன்னால இருந்து "வாடா காரி, வாடா ராசா"ங்கிற கொரல். ரெண்டு கொரலுக்கும் நடுவுல மண்ணு ரெண்டாப் பொளந்து கருப்பாப் பொரண்டுச்சு. அந்த மண்வாசம் வந்ததும் சண்டை போட்ட தெரு ரெண்டும் கம்பைக் கீழ போட்டுட்டு ஏரை எறக்குச்சாம். பொம்பளைக கொலவை போட்டாக. வெயிலுமுத்து கண்ணுல தண்ணி வழியுது, தொடைக்கக் கை இல்ல, மேழியில இருக்கு.

கொழு கீறுன மொதச் சாலு முடிஞ்சதும் பூசாரி பரிவட்டத்தைக் கொண்டாந்து நீட்டுனாரு. வெயிலுமுத்து வாங்குனாரு. தலையில கட்டல. சீனித்தாயைப் பாத்தாரு. அவ ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டா. அந்தாக்குல குனிஞ்சு, நுகத்துல அந்த நகட்டிக் கட்டுன முடிச்சு இருக்குல்ல, அது மேலயே பரிவட்டத்தைச் சுத்திக் கட்டிட்டாரு. வாசலுக்கே குனியாத மனுசன்.

எள்ளு வெளைஞ்சுச்சா, வெளைஞ்சுச்சு. ஊரு கப்பலேறாம தப்புச்சு. அந்த எள்ளு வெளைஞ்சதாலதான் நான் இங்க நிக்கேன், எம்மகன் இங்க நிக்கான். அந்த வருசம் புரட்டாசி வெதைக் கூடையை வெயிலுமுத்தும் சீனித்தாயும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சாக. தையில மொதக் கதிரை அவ பிடிக்க அவரு அறுத்தாரு. அதுல இருந்து எங்க ஊருல எந்தத் தொடக்கமும் ஒத்த வீட்டுக்கு இல்ல. வருசா வருசம் ஒரு பெரிய மாட்டு வீடு, ஒரு சின்ன மாட்டு வீடு. அன்னைக்கு அவுக உழுத ஊருப் புஞ்செக்குச் சோடிப்புஞ்சென்னே பேரு. இப்ப டிராக்டர் வந்துருச்சு, இருந்தாலும் மொதச் சாலு இப்பிடித்தான். பரிவட்டம் எவன் தலையிலயும் ஏறாது, நுகத்துக்குத்தான். சாலு முடிஞ்சதும் ஊரே சேந்து, "வெயிலுமுத்தய்யா, சீனித்தாயி, ஒங்க புண்ணியம்"னு ஒரு கும்பிடு போடுவோம். காலையில நாங்க போட்டோம்ல, சாமி பேருன்னு நெனைச்சு நீங்களும் கும்பிட்டீகளே, அதுதான்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சம்பந்தி. பெரிய மாட்டு வீட்டுக்கு அந்த வருசம் மருமக வந்திருந்தா, ஏர்க்கால் முடிச்சை அவதான் போடணும். இந்த வருசம் பெரிய மாடு எங்க வீடு. நீங்க வந்து சேருறதுக்கு முந்தியே, விடிஞ்சதும் ஒங்க மக கையில கயித்தைக் குடுத்தேன். கதையும் சொல்லல, எங்கிட்டுக் கட்டணும்னும் சொல்லல. வாங்கிக்கிட்டு அது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, "மாமா, இதுல எது நம்ம மாடு?"

"வெள்ளை"ன்னேன்.

ஏர்க்காலை வெள்ளை பக்கமா நகட்டி இறுக்கிக் கட்டுச்சு. நீங்க அம்புட்டு நேரமும் பாத்துச் சிரிச்ச முடிச்சு ஒங்க மக போட்டது. இப்பிடி ஒரு பிள்ளையை வளத்துக் குடுத்தீகளே, எங்க ஊரு ரெண்டு பேருக்குத்தான் இந்தக் கும்பிடு போடும், இன்னைக்கு மூணாவதா ஒங்களுக்கும் போட்டுக்கிறேன். பானகம் வந்துருச்சு, எடுங்க, மொத லோட்டா ஒங்களுக்கு.