மேற்கே நீட்டிய கால்கள்

போடிமெட்டுக்குப் போகும் ஜீப், ஆள் நிறைவதற்காகப் போடியில் நின்றிருந்தது. எனக்கு எதிரே இருந்த விதவை, பக்கத்திலிருந்த கொழுந்தனிடம் திடீரென்று கேட்டாள்.

"மேற்கே பாத்து எந்திரிச்சா உங்க அண்ணன் யாரப் பாப்பாரு?"

"மெதுவாப் பேசுங்க மதினி."

"எதுக்கு மெதுவா? கடைசி நாள்ல ஆண்டவர் வர்ற தெசைன்னு கிழக்கே கால நீட்டித்தானே நம்ம சனத்தப் பொதைப்போம்? எஸ்டேட்டு கங்காணி மழைக்குப் பயந்து, பள்ளம் இருக்கிற பக்கமா மேற்கே நீட்டிப் பொதச்சுட்டானே! ராசிங்காபுரத்துக்கு நம்மகிட்ட ஆள் அனுப்புனதே பொதச்ச பெறகுதான்."

"அவனுக்கு நம்ம முறை தெரியாது."

"கேட்டா வாய் வலிக்குமா? இன்னைக்கு நானே மம்பட்டியப் புடிச்சுத் திருப்பி வைக்கிறேன்."

புதைத்த உடலைத் தோண்ட மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். புதைத்த மலைச்சரிவோ எல்லைக்கு அப்பால். எந்த ராஜ்யத்து மாஜிஸ்திரேட் என்று தீர்மானிப்பதற்குள் ஒரு பருவமழை போய்விடும். என்னை யாரும் கேட்கவில்லை.

"எழுப்புறவருக்குத் திருப்பத் தெரியாதா மதினி?"

"அவருக்குத் தெரியும். உங்க அண்ணனுக்குத் தெரியுமா? சந்தைக்குள்ள விட்டாலே வழி தப்புற மனுசன். எந்திரிச்ச கையோட மலையாளத்துப் பக்கம் எறங்கிருவாரு."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. ஜீப் மலையேறி மழை பிடித்த பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"கங்காணிய நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன். ஆனா மம்பட்டி வேண்டாம் அப்பு, அவரு தூங்கட்டும். நான் போனா என்னையும் பக்கத்துலயே, அதே மாதிரி மேற்கே நீட்டி வையி. எந்திரிச்சதும் கையப் புடிச்சுக் கிழக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்."