பதினோராவது பந்தம்

தூரத்தில் ஒரு குத்து. டும். அது செல் கிளம்பும் சத்தம். விழக் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஓடுகிறோம்.

“செல் வருது! உள்ளை இறங்குங்கோ!”

இடம்பெயர்ந்து வந்த உடையார்கட்டு. இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம். வெள்ளிக்கிழமை. காலை ஏழு இருபது.

பங்கர்க் குழி வாசலில் ஐயா நிற்கிறார். என் தகப்பன். வயது எண்பத்து நான்கு. இறங்கும் பேரப்பிள்ளைகளின் தலையில் தட்டித் தட்டி எண்ணுகிறார்.

“பந்தம் ஒண்டு. பந்தம் ரெண்டு. குனியடா, கூரைப் பனங்குத்தியிலை மண்டை அடிக்கும். பந்தம் மூண்டு.”

பேரப்பிள்ளை கண்டவர் செத்தால் அந்தப் பிள்ளைகள் பிணத்தைச் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். அது எங்கள் முறை. ஐயாவுக்குப் பதினொரு பேரப்பிள்ளைகள். “பதினொரு பந்தம். கனகராயன்குளத்திலை வேறை ஆருக்கடா இருக்கு?” என்று பகிடி விடுவார். செல்லடி தொடங்கிய பிறகு பதினொன்றும் இறங்காமல் அவர் இறங்கியதில்லை.

தீவுப் பக்கத்தில் பிறந்தவர். இருபத்தாறு வயதில் வன்னிக்கு, கனகராயன்குளத்துக்கு வந்தார். குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயற்காணி என்று கொடுத்தார்கள். வயல் இல்லை. காடு. வெட்டினார். யானை வந்தது. மலேரியா வந்தது. நெல்லும் வந்தது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். வீடு நான்கு தரம் போனது. நான்கு தரமும் கட்டினார். எங்கள் ஐந்து வீட்டிலும் முதல் சோறு அவருக்குத்தான் போகும். அவர் அதைப் பிசைந்து பேரப்பிள்ளைகளுக்குத் தீத்தி விடுவார். கோபம் வந்தால் வெற்றிலையைத் துப்புவார். கை நீட்டியதில்லை.

“பந்தம் பத்து. மற்றது எங்கை? துளசி எங்கையடா?”

துளசி என் மகள். ஆறு வயது. அவள் விடியமுதலே பங்கருக்குள் போய்ப் படுத்துவிட்டாள். மூலையில் தாயின் சேலைக்குள் நித்திரை. ஐயாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் கடைசிப் படியில். உள்ளே இடமில்லை. ஐயா இறங்கினால் ஒருவர் ஏற வேண்டும். அது நான். எனக்கு நாற்பது வயது. ஓடக்கூடிய கால்.

நான் வாய் திறக்கவில்லை.

“துளசி! எணை துளசி!” அவர் வேலிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

செல்லின் கூவல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வாய் நிறைய மண்.

ஏழு இருபத்தைந்துக்கு ஏறிப் பார்த்தேன். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது. மற்றச் செருப்பு வேலியடியில், காலோடு. பத்து நிமிடத்தில் இலையான் மொய்க்க வந்துவிட்டது. மத்தியானம் அதே இலையான் எங்கள் கஞ்சியிலும் இருந்தது. தட்டிவிட்டுக் குடித்தோம். நானும் குடித்தேன்.

வேம்படியில் குழி வெட்டித் தாட்டோம். பந்தத்துக்கு நெய் இல்லை. இருந்தாலும் புகை எழும்பினால் அடுத்தது விழும். “வாழ்ந்து முடிச்ச மனுசன்” என்றார்கள். நானும் சொன்னேன். லேசாக வந்தது அந்தச் சொல்.

இந்த வருடம் காணியைப் பெயர் மாற்றப் போனோம். நானும் அக்காவும். காணிக்கு மரணப் பதிவு வேண்டும். கந்தோரில் வேலை செய்யும் ஒரு பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது.

“அவருக்கு எண்பத்தி நாலு வயசுதானே. சாவுக்குக் காரணம் முதுமை எண்டு போடுவம். கெதியா முடியும்.”

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். மு. து. மை. கடதாசியைத் தள்ளி வைத்தேன்.

“வையடா கையெழுத்தை,” என்றாள் அக்கா. “மிஞ்சின பிள்ளையளுக்குக் காணி வேண்டாமே? ஐயா வாழ்ந்து முடிச்ச மனுசன்தானே.”

“அண்டைக்குத் துளசி உள்ளைதான் இருந்தவள், அக்கா. எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை.”

அக்கா என்னைப் பார்த்தாள். பேனையை மேசையில் வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீற்றில் போய் இருந்தாள்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. நான் இத்தனை வருடம் சொன்ன பொய்யைத்தான் அந்தக் கடதாசியும் சொல்கிறது. செல் என்று எழுத அவர்களுக்கு மனமில்லை. மகன் என்று எழுத அதில் இடமில்லை. அதனால் இங்கே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். காணி இன்னும் ஐயாவின் பெயரில் கிடக்கிறது.

கணக்கு இது. அன்று பங்கருக்குள் பதினொரு பிள்ளைகளும் இருந்தார்கள். மாசியில் இரண்டு பேர் போனார்கள். பங்குனியில் ஒருவர். சித்திரையில் நான்கு பேர். அதில் ஒன்று துளசி. மிச்சம் நான்கு. அக்காவின் புருசன் இல்லை. வீடு ஐந்தாம் தரமும் இல்லை. ஐயாவைச் சுற்றிப் பிடித்த பந்தம் ஒன்றும் இல்லை.

அவர் எண்ணியது பத்து. பதினோராவதை நான் எண்ணிவிட்டுச் சும்மா இருந்தேன்.