பதினான்காவது வரியில் இருந்த பெயர்

என் பெயர் வெர்னா ஸ்டிடம். வயது ஐம்பத்து நான்கு. காலஞ்சென்ற ஆர்லிஸ் ஸ்டிடத்தின் மனைவி. டால்வர் மாவட்டம், பிளாக் லிக் சாலை, 212ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சென்ற செவ்வாய்க்கிழமை ஷெரிப் அலுவலகத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். இன்று நீதிபதி முன்னிலையில், யாருடைய கட்டாயமும் இல்லாமல், ஆனால் பயத்தோடு, இதைச் சொல்கிறேன்.

மாவட்டப் போலீசுக்குத் தலைவரான ஷெரிப் பதவிக்கு இந்த முறை லானி டாக்கெட் சுயேச்சையாக நிற்க விரும்பினார். கட்சி இல்லாதவர் பெயர் வாக்குச்சீட்டில் வர நானூறு வாக்காளர்கள் கையெழுத்திட வேண்டும். தாளுக்கு இருபது வரி. ஒவ்வொருவரும் என் கண்முன்னால்தான் கையெழுத்திட்டார் என்று வாங்குகிறவர் அடியில் சத்தியம் செய்ய வேண்டும். நானும் வாங்கினேன். அந்தத் தாள்களை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்பதால் ஜனங்கள் பயந்தார்கள். லாரி ஓட்டும் ஒருவர், "ஓட்டு போடுறேன் வெர்னா, அது யாருக்கும் தெரியாது. இதுல எழுதினா ஊருக்கே தெரியும். புள்ளகுட்டிக்காரன், என்னை விட்டுடு," என்றார்.

அதன் பிறகு ஏப்ரல் 18ஆம் தேதி தீயணைப்புக் கூடத்தில் வருடாந்தரக் காட்டுப்பூண்டு விருந்து நடந்தபோது, வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டில் இருக்கும் ஜோலீன் ராட்லிஃப் வந்து பதின்மூன்றாவது வரியில் கையெழுத்திட்டாள். பிறகு பேனாவைக் கீழே வைக்காமல் பதினான்காவது வரியில் தன் கணவர் கார்த்தின் பெயரையும் எழுதினாள். கார்த் இப்போதைய ஷெரிப்பின் கீழ் சிறைக்காவலர். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டிதான் புருஷனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவாள். பள்ளிக்கூடத் தாளிலிருந்து கரண்ட் பில் வரை அப்படித்தான். தன் கையெழுத்து எப்படியிருக்கும் என்று ஆர்லிஸுக்கே மறந்துபோயிருந்தது. ஆகவே நான் பார்த்தும் தடுக்கவில்லை. "அவருக்கும் சேத்துப் போட்டுட்டேன்க்கா. ஒரு நல்ல காரியமாவது ரெண்டு பேரும் சேந்து செஞ்சதா இருக்கட்டும்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுவாரம் சத்தியமும் செய்தேன். அந்தக் குற்றம் என்னுடையது.

மொத்தம் நானூற்று மூன்று கையெழுத்துக் கொடுத்தோம். அதன் பிறகு ஷெரிப் தரப்பில் ஆட்சேபம் எழுப்பி, கார்த்தைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினார்கள். மறுநாள் காலை ஜோலீன் நான்கு மைல் நடந்து பள்ளிச் சமையலறைப் பின்வாசலுக்கு வந்தாள். "இன்னும் அடிக்கலைக்கா. என் பேரு இருக்கறதப் பாத்துட்டுக் கார் சாவிய மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டாரு. அவரு பேர எழுதினது யாருன்னு தெரியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு சொல்றாரு," என்றாள். போன வருடம் அவள் கை உடைந்து கட்டுப் போட்டிருந்தது. படியில் விழுந்ததாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் படி கிடையாது.

செவ்வாயன்று என்னை விசாரித்தவர் கார்த்துடன் மீன் பிடிக்கப் போகிறவர். வேறு அதிகாரி வேண்டும் என்று கேட்டேன். "இங்க எல்லாரும் ஒரே குடும்பந்தாம்மா. ஒரு பேரச் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க," என்றார். சொன்னால் சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் கார்த்தின் காதுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். எனவே நானே எழுதினேன் என்று சொன்னேன். கையெழுத்து வாங்கியவரே கள்ளக் கையெழுத்துப் போட்டால் தாள் முழுவதும் செல்லாதாம். இருபதும் போய் முந்நூற்று எண்பத்து மூன்று ஆனது. லானி போனில், "ஏன் வெர்னா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை பகலில், கார்த் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஜோலீனையும் இரண்டு பைகளையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஓரிடத்தில் விட்டேன். "இனிமே சொல்லிடுங்கக்கா," என்றாள். அதனால் சொல்கிறேன். எழுதியது அவள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்தால் நானூற்று இரண்டு மிஞ்சும். வெள்ளிக்கிழமை வாக்குச்சீட்டு அச்சுக்குப் போகிறது.

கார்த் ராட்லிஃப் இந்த அறையின் கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கிறார். நான் பேசத் தொடங்கியதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அப்போதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான்.

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. ஜோலீனை எங்கே விட்டேன் என்று கேட்டால் தெரியாது என்று சொல்வேன். அது மட்டும் பொய்யாக இருக்கும். அதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

(ஒப்பம்)
வெர்னா ஸ்டிடம்